சில பேர்

மாமாவிடம் நான் சொன்னது ஆறே சொல். "இங்க சில பேரைத் தூக்குல போட்டாங்களாம் மாமா." கனடாவின் பேட்டில்ஃபோர்டு கோட்டை முற்றத்தின் ஒரு மூலையில் நின்று வழிகாட்டிப் பெண் இரண்டு நிமிஷத்துக்குக் குறையாமல் பேசியதை இப்படிச் சுருக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த குதிரை லாயத்துக்கு அவரை அழைத்துப் போய்விட்டேன். காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நல்ல வெயில். மாமாவுக்குச் சர்க்கரை, சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது, காரில் புளிச்சோறு காத்திருந்தது. அந்த லாயம் 1898ல் நோய்ப்பட்ட குதிரைகளுக்கென்றே போலீஸ்காரர்கள் கட்டியது. மரம் இன்னும் உறுதியாக இருக்கிறது. என் கைபேசியில் அதற்கு மட்டும் பதினொரு படங்கள். லாயத்தின் கதவு, கதவின் தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் கைவைத்தபடி மாமா. அன்று ராத்திரி சஸ்காட்டூனுக்குத் திரும்பி, மாமா குறட்டை விடத் தொடங்கிய பிறகு, அந்தப் பெண் சொன்னதை எடுத்து வாசித்தேன். நான் சொன்ன "சில பேர்" எட்டுப் பேர். ஒரே மேடையில், ஒரே காலையில். கனடா என்ற கூட்டாட்சி உருவான பின் நடந்த மிகப் பெரிய கூட்டுத் தூக்கு அதுதான். எட்டுப் பேரையும் ஒரே குழியில் புதைத்த இடம் கோட்டைக்குக் கீழேதான் இருக்கிறது. நாங்கள் புளிச்சோறு சாப்பிட்ட இடத்திலிருந்து நடந்தே போயிருக்கலாம்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பெண் சொல்லவேண்டியதைச் சொன்னாள். நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளன்தான் அதை விழுங்கிவிட்டான்.

ஓகேமாவில் ஒரு ஸ்டேஷன்

மாமா அம்மாவின் தம்பி. விருதுநகர் செக்‌ஷனில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேட்டாக ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியைத் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தே கழித்தவரை கனடாவுக்குக் கூட்டிவந்தால் என்ன காட்டுவது? நயாகராவுக்குப் போக இங்கிருந்து விமானம் ஏறவேண்டும். நான் இருக்கும் சஸ்காச்செவன் மாகாணத்தில் இருப்பதெல்லாம் வானமும் கோதுமையும்தான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காமல் நான் ஒரு பட்டியல் போட்டேன்: ஒரு பழைய ரயில், ஒரு பழைய தேவாலயம், ஒரு பழைய கோட்டை. மூன்று வார இறுதி. சுற்றுலாக் கையேடுகளும் இந்த மூன்றையும் இதே மாதிரி ஒரே பக்கத்தில்தான் போடுகின்றன, என்னமோ மூன்றும் ஒரே கடையில் வாங்கிய பொம்மைகள் போல.

ரெஜைனாவுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் ஓகேமா. கோடையில் வார இறுதிகளில் அங்கே ஒரு சின்ன டீசல் இஞ்சின் பழைய பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு கிழக்கும் மேற்குமாக ஓடுகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். மாமா பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தண்டவாளத்தின் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டார். உருக்காலையின் பெயரும் வார்த்த வருஷமும் தண்டவாளத்தின் இடுப்பில் புடைப்பெழுத்தில் இருக்குமல்லவா, அதைத் துருவைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினார். பிறகு காலடி வைத்து அகலத்தை அளந்தார். "மீட்டர் கேஜை விடப் பெரிசு, நம்ம பிராட் கேஜை விடச் சின்னது. ரெண்டுங்கெட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார். மரக் கட்டைகள், அதில் அடித்த டாக் ஸ்பைக்குகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று செருப்புக் காலால் தட்டிப் பார்த்தவரை, சீருடை போட்ட பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் இருவரும் ஒரு தளர்ந்த ஆணியைக் காட்டிக் காட்டிப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே என் மொழிபெயர்ப்பு தேவைப்படவே இல்லை.

ஸ்டேஷன் கட்டடம் உண்மையில் அந்த ஊர் ஸ்டேஷன் இல்லை. ஓகேமாவின் பழைய ஸ்டேஷன் எப்போதோ போய்விட்டது. அதே அச்சில் கட்டிய இன்னொன்று வடக்கே சிம்ப்சன் என்ற ஊரில் கிடக்கிறது என்று தெரிந்து, அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். மாமாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஸ்டேஷனையே லாரியில ஏத்திட்டு வந்தானுங்களா! நாங்க ஒரு கட்டையை மாத்த மூணு கையெழுத்து வாங்கணும்." ஊரின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ரயில்பாதை ஒரு காலத்தில் இங்கே முடிந்ததால் 'ஒமேகா' என்று பெயர் வைக்க நினைத்தார்களாம், கிரேக்க அரிச்சுவடியின் கடைசி எழுத்து. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஊர் இருந்ததால் இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒஜிப்வே மொழியில் 'ஓகிமா' என்றால் தலைவன். மாற்றிப் போட்டதில் தற்செயலாக இந்த மண்ணின் சொல் ஒன்று வந்து விழுந்துவிட்டது.

ரயில், ஒரு மனிதர் வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம் என்ற வேகத்தில் போனது. ஹொரைசன் என்ற இடத்தில் மனிதர்கள் போய்விட்டார்கள், தானியக் கிடங்கின் மரக் கோபுரம் மட்டும் வெளியில் தனியே நிற்கிறது. ஒரு காலத்தில் சஸ்காச்செவனில் இப்படி மூவாயிரத்துக்கும் மேல் இருந்தன. குதிரை வண்டியில் ஒரு பகலுக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளைப் பாதை. 1995ல் தானியம் அனுப்பும் கட்டணச் சலுகையை அரசு எடுத்தபின் கிளைப் பாதைகள் மளமளவென்று பெயர்க்கப்பட்டன. இந்தப் பாதை தப்பியதற்குக் காரணம், 1999ல் சுற்றுவட்டாரத்து மக்களே பணம் போட்டு அதை வாங்கிக்கொண்டதுதான். அதில் தானிய வண்டியும் ஓடுகிறது, சுற்றுலா வண்டியும் ஓடுகிறது. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயில்வேயை விவசாயி வாங்குவதா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பொறாமையா ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ரயில் வராத கரை

அடுத்த வாரம் பட்டோஷ். சஸ்காட்டூனிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம், தெற்கு சஸ்காச்செவன் ஆற்றின் மேட்டுக் கரை. வெள்ளை மரப் பலகையில் கட்டிய புனித அந்தோணியார் தேவாலயம், 1884ல் முடிந்தது. பக்கத்தில் பாதிரியார் வீடு. அவ்வளவுதான். 1885 மே 9 முதல் 12 வரை நான்கு நாள் இங்கே சண்டை நடந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த மேட்டி மக்கள், ஆற்றைத் தொட்டு நீளநீளமாகப் பிரித்துக்கொண்ட தங்கள் நிலங்களைச் சர்வேக்காரர்கள் சதுரம் சதுரமாக வெட்டிவிடுவார்கள் என்று மனுமேல் மனு போட்டார்கள். பதில் வரவில்லை. தங்கள் தலைவர் லூயி ரியலைக் கூட்டிவந்தார்கள், கேப்ரியல் டூமோன் தலைமையில் துப்பாக்கி எடுத்தார்கள். முந்நூறு பேர்கூட இல்லாதவர்கள் குழி வெட்டி உட்கார்ந்து எண்ணூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களை நான்கு நாள் நிறுத்தி வைத்தார்கள். கடைசி நாள் குண்டு தீர்ந்துபோய் ஆணியையும் கல்லையும் திணித்துச் சுட்டார்கள். அந்தக் குழிகள் இன்னும் புல்லுக்குள் தட்டுப்படுகின்றன.

இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்த பகுதி நார்த்கோட் என்ற நீராவிப் படகு. அதைப் போர்க்கப்பலாக்க நினைத்த ராணுவம், டூமோன் வீட்டிலிருந்த பில்லியர்ட்ஸ் மேசையைப் பிடுங்கிவந்து கவசமாக அடித்துக்கொண்டது. மேட்டி ஆட்கள் பரிசல்துறையின் கம்பிவடத்தை ஆற்றின் குறுக்கே தாழ்த்திவிட, கம்பி படகின் புகைபோக்கிகளைச் சீவிவிட்டது. கனடிய ராணுவத்தின் கடற்படை முயற்சி அத்தோடு ஆற்றோடு போயிற்று. மாமா இதற்கு வாய்விட்டுச் சிரித்தார். பாதிரியார் வீட்டு மேல்மாடி ஜன்னலருகே இருக்கும் குண்டுத் துளைகளைக் காட்டியபோது சிரிப்பு நின்றது. ஊரில் பழைய வீடு வாங்கப்போனால் கறையான் அரித்ததா என்று பார்ப்பதுபோல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். குழியில் செத்தவர்களில் ஒருவரான ஜோசப் ஊலெட்டுக்கு வயது 93 என்றதும் "நம்ம அய்யா வயசு" என்றார்.

வெளியே வந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "ஊர் எங்க மாப்ள?"

ஊர் இல்லை. கோயில் இருக்கிறது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கடைத்தெரு இருந்த இடத்தில் அஸ்திவாரக் குழிகள் இருக்கின்றன. சண்டையில் ஊர் அழியவில்லை, அதன்பின்னும் சில காலம் பிழைத்திருந்தது. ஆனால் 1890ல் ரெஜைனாவிலிருந்து பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்குப் போன ரயில் ஆற்றின் மறுபக்கம், ராஸ்தர்ன், டக் லேக் வழியாகப் போய்விட்டது. வியாபாரம் அந்தக் கரைக்குத் தாவிவிட்டது. நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே மாமா தலையாட்டத் தொடங்கிவிட்டார். "அதானே பார்த்தேன். ரயிலு போன ஊர்ல பழசு நிக்காது மாப்ள. இடிச்சு இடிச்சுக் கட்டிருவான். ரயிலு கைவிட்ட ஊர்லதான் எல்லாம் அப்படியே கெடக்கும்."

இந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே வின்னிபெக்கை நினைத்துப் பார்த்தேன். அங்கேயிருந்த மேல் கேரி கோட்டையை 1869ல் ரியலின் ஆட்கள் கைப்பற்றினார்கள், மேனிடோபா என்ற மாகாணமே அந்தக் கோட்டைக்குள் நடந்த பேச்சில்தான் முளைத்தது. அப்படிப்பட்ட கோட்டையை 1880களில், ரயில் வந்து ஊர் வீங்கியதும், மெயின் தெரு நேராக ஓடவேண்டும் என்பதற்காக இடித்துத் தள்ளினார்கள். வடக்கு வாசல் மட்டும் மிச்சம். எதிரே 1911ல் கட்டிய பெரிய ரயில் நிலையம். பக்கத்தில் ரயில் கம்பெனி 1913ல் திறந்த ஹோட்டல், பெயர் ஃபோர்ட் கேரி. கோட்டையைத் தின்றுவிட்டு அதன் பெயரைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டிருக்கிறது. மாமாவின் வாக்கியம் எங்கே வைத்தாலும் பொருந்தியது. பாரம்பரியம் என்று நாம் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பதெல்லாம் வளர்ச்சி மறந்துவிட்டுப் போன சாமான்கள். இதை வைத்தே ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம் என்று அப்போதே மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

பட்டோஷின் மணியைப் பற்றியும் சொல்லவேண்டும், பிறகு அது தேவைப்படும். சண்டை முடிந்ததும் ஒன்டேரியோ சிப்பாய்கள் கோயில் மணியைக் கொள்ளையாக எடுத்துப் போனார்கள் என்று மேட்டி மக்கள் நூறு வருஷத்துக்கு மேல் நம்பிவந்தார்கள். மில்புரூக் என்ற ஊரில் முன்னாள் சிப்பாய்களின் மன்றத்தில் காட்சிக்கு இருந்த மணி 1991ல் காணாமல் போனது. 2013 ஜூலையில், பட்டோஷ் திருவிழாவில், ஜனம் கண்ணீர்விட அது திரும்பி வந்தது. மறுவருஷமே ஆய்வாளர் ஒருவர் ஆதாரங்களோடு சொன்னார்: இது பட்டோஷ் மணி இல்லை, ஃபிராக் லேக் என்ற ஊர்க் கோயிலின் மணி. பட்டோஷ் மணி பக்கத்து ஊரான புனித லோரன் கோயிலில்தான் இத்தனை காலமும் இருந்து, 1990ல் அந்தக் கோயில் எரிந்தபோது சேர்ந்து அழிந்துவிட்டது. அழுதவர்களின் கண்ணீரை இப்போது யார் கணக்கில் எழுதுவது?

இரண்டு முறை கைவிடப்பட்ட ஊர்

மூன்றாவது வாரம்தான் பேட்டில்ஃபோர்டு. வடக்கு சஸ்காச்செவனும் பேட்டில் ஆறும் கூடுமிடத்தில் 1876ல் போலீஸ் கோட்டை வந்தது. வடமேற்குப் பிரதேசம் முழுவதற்கும் அதுதான் தலைநகர். கண்டம் கடக்கும் ரயில் இந்த வழியாகத்தான் வரும் என்று எல்லோரும் மனை வாங்கிப் போட்டார்கள். கனடியன் பசிபிக் கம்பெனி திடீரென்று பாதையைத் தெற்கே வெறும் புல்வெளிக்கு மாற்றியது, 1883ல் தலைநகரும் அதன் பின்னாலேயே ரெஜைனாவுக்குப் போய்விட்டது. சரி, இன்னொரு ரயிலாவது வரும் என்று காத்திருந்தார்கள். 1905ல் வந்தது, ஆனால் ஆற்றுக்கு வடகரையில். அங்கே நார்த் பேட்டில்ஃபோர்டு என்று புது ஊர் முளைத்து இதை முந்திவிட்டது. மாமாவுக்கு இதைச் சொன்னபோது ரொம்பத் திருப்தி. "ரெண்டு தடவையா? அப்ப கோட்டை சுத்தமா இருக்கும் பாரு." இருந்தது. கமாண்டரின் வீடு 1877ல் கட்டியது. அதிகாரிகள் குடியிருப்பு, காவல் அறை, நோய்க் குதிரை லாயம். 1924ல் போலீஸ் விட்டுப்போனபின் எவரும் இடித்துக் கட்டத் தேவைப்படாத இடம். மாமாவின் கொள்கை செங்கல் செங்கலாக நிரூபணமாகிக்கொண்டிருந்தது. அந்தக் குஷியில்தான் நான் "சில பேர்" என்றேன்.

ராத்திரி வாசித்தபோது, நான் தவறாகச் சொன்னது அது ஒன்று மட்டுமில்லை என்று தெரிந்தது. 1885 வசந்தத்தில் ஊர்மக்கள் ஐந்நூறு பேர் இந்தக் கோட்டைக்குள் அடைந்து கிடந்ததை அந்தப் பெண் விவரித்தாள். நான் அதை "முற்றுகை" என்று மொழிபெயர்த்தேன். மாமா மனசில் பாஞ்சாலங்குறிச்சி ஓடியிருக்கும். நடந்தது வேறு. காட்டெருமைகள் அழிந்து, ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்த உணவும் வெட்டப்பட்டு, பட்டினியில் கிடந்த க்ரீ என்ற பூர்வகுடி மக்களைக் கூட்டிக்கொண்டு பவுண்ட்மேக்கர் என்ற தலைவர் ரேஷன் கேட்க வந்தார். கோட்டைக்குள் இருந்தவர்கள் பயத்தில் வெளியே வரவில்லை. காலி வீடுகள் சூறையாடப்பட்டன. பின்பு ராணுவம் அவர் முகாமைத் தேடிப்போய்த் தாக்கித் தோற்றுத் திரும்பியபோது, துரத்தாதீர்கள் என்று தன் ஆட்களைத் தடுத்தவரும் அவர்தான். அவருக்குக் கிடைத்தது மூன்று வருஷச் சிறை. சில மாதத்தில் நோயோடு வெளியே வந்து 1886ல் செத்துப்போனார். 2019ல் பிரதமர் நேரில் வந்து அவர் குற்றமற்றவர் என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டார். நான் ஒரே சொல்லில் அவரை மறுபடி எதிரிப் படைத் தளபதியாக்கிவிட்டேன்.

அந்த எட்டுப் பேர் கதை இன்னும் சிக்கல். அவர்களை அப்பாவிகள் என்று முடித்துவிட முடியாது. 1885 ஏப்ரல் 2 அன்று ஃபிராக் லேக்கில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள், அதில் இரண்டு பாதிரியார்கள், ஒருவர் ரேஷனைக் கையில் வைத்திருந்த அரசு ஏஜென்ட். தூக்கில் தொங்கியவர்களில் ஆறு க்ரீக்கள் அந்தக் கொலைகளுக்காக, இரண்டு அசினிபோயின்கள் வேறு இரண்டு கொலைகளுக்காக. ஆனால் விசாரித்த நீதிபதி ரூலோவின் சொந்த வீடு அந்தக் கலவரத்தில் எரிந்திருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்காக வாதாட வக்கீல் இல்லை. பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டு தூக்குக்கு ஒரு வாரம் முன்பு எழுதிய கடிதத்தில், ஆள்வது வெள்ளையன்தான் என்பது செவ்விந்தியனுக்கு இதன் மூலம் உறைக்கவேண்டும் என்ற பொருள்பட எழுதினார். உறைப்பதற்கென்றே பார்வையாளர்களையும் வரவழைத்தார்கள். பக்கத்திலிருந்த தொழிற்பள்ளிப் பிள்ளைகளை, க்ரீ வீடுகளிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பிள்ளைகளை, வரிசையாகக் கூட்டிவந்து பார்க்க வைத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம் எங்கே நடந்தது தெரியுமா? தலைநகர் ரெஜைனாவுக்குப் போனதால் காலியான ஆளுநர் மாளிகையில். ரயில் கைவிட்ட கட்டடம்.

அங்கேதான் மாமாவின் வாக்கியம் எனக்கு உடைந்தது.

இருபது நாள்

ஒரு தாளில் தேதிகளை எழுதிப் பார்த்தேன். 1885 நவம்பர் 7, மலைக்குள் கிரெய்கெலாச்சி என்ற இடத்தில் கனடியன் பசிபிக் பாதையின் கடைசி ஆணி அடிக்கப்படுகிறது. நவம்பர் 16, ரெஜைனாவில் ரியலுக்குத் தூக்கு. நவம்பர் 27, பேட்டில்ஃபோர்டில் எட்டுப் பேர். முதலிலிருந்து கடைசி வரை இருபது நாள். ஆணி அடித்தவர் டொனால்டு ஸ்மித். அவர் ரயில்காரர் மட்டுமில்லை, தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனிக்காரர். 1869ல் அரசின் தூதராக மேல் கேரி கோட்டைக்குப் போய் ரியலோடு பேரம் பேசியவரும் அவர்தான். அவர் அடித்த முதல் ஆணி வளைந்துபோய் இன்னொன்று கொடுத்தார்கள் என்பதை மாமாவிடம் சொல்ல மறந்துவிட்டேன், கேங்மேட் கேட்கவேண்டிய செய்தி.

ரயில் இந்த ஊர்களைக் கைவிட்டது என்று சொல்வது பாதிதான் உண்மை. 1870ல் ரியலை அடக்கப் புறப்பட்ட படை காடும் ஏரியும் கடந்து வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று. 1885ல் முதல் சிப்பாய்கள் இரண்டு வாரத்துக்குள் புல்வெளியில் இறங்கிவிட்டார்கள். பாதை முழுசாக முடியக்கூட இல்லை. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே தண்டவாளம் இல்லாத இடங்களில் பனியில் நடந்தும் சறுக்குவண்டியில் ஏறியும் வந்தார்கள். திவாலாகும் நிலையில் இருந்த ரயில் கம்பெனிக்கு அந்த ஒரு உபகாரம் போதுமாயிருந்தது, அந்தக் கோடையிலேயே பாராளுமன்றம் பணம் கொடுத்தது. பட்டோஷுக்கு ரயில் வரவேண்டிய நேரத்தில் வந்தது, சிப்பாய்களோடு. பிறகு ஊருக்குத் தேவைப்பட்டபோது மறுகரையில் போனது. கையேட்டின் ஒரே பக்கத்தில் பொம்மைகள் போல மூன்றையும் அடுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கிண்டலடித்தேன். தவறு என்னுடையது. கோயில், கோட்டை, ரயில் மூன்றும் ஒரே பக்கத்துக்குரியவைதான், கையேடு அச்சடித்தவருக்கு அது தெரிந்திருக்காவிட்டாலும்.

மறதிதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது என்ற என் அழகான கருத்து வேறு எதற்குப் பொருந்தினாலும் அந்தக் குழிக்குப் பொருந்தவில்லை. லாயத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போயிற்று, நின்றது. எட்டு உடல்களை ஒரே குழியில் போட்டு மூடியதற்குப் பெயர் மறதி இல்லை. ஆளாளுக்கு ஒரு கல்லறை, ஒரு பெயர், அழ ஓர் இடம் என்று கொடுத்திருந்தால் ஜனம் வந்து போய்க்கொண்டிருக்கும். கொடுக்கக்கூடாது என்று யோசித்துச் செய்த காரியம் அது. நான் யோசிக்காமலே அதைத்தான் செய்தேன். அவர்கள் எட்டைக் குழிக்குள் போட்டார்கள், நான் "சில"வுக்குள் போட்டேன்.

மாமா ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் இருந்த நாள்களில் இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில்கூட ஒருமுறை ஆரம்பித்துவிட்டு, "அடுத்த தடவை பேட்டில்ஃபோர்டுல ஒரு இடம் பாக்கி இருக்கு மாமா" என்று நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபரில் தனியாகப் போனேன். பருவம் முடிந்து கோட்டை மூடியிருந்தது, லாயமும்தான். ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவில், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்த இடத்தில், அந்தக் கல்லறை. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கல், அதில் எட்டுப் பெயர்கள். மரக்கிளைகளில் யாரோ கட்டிவைத்த துணித் துண்டுகள், சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. சில நைந்து நூலாகத் தொங்கின, சில புத்தம் புதுசு. கல்லடியில் ஒரு சிட்டிகைப் புகையிலை, பனி இன்னும் அதை நனைக்கவில்லை. எனக்கு முன்னால் அன்று காலையிலேயே ஒருவர் வந்து போயிருக்கிறார். யாரும் வராத இடத்துக்கு நான்தான் முதலில் வருகிறேன் என்ற ஒரு நினைப்பு மனசின் ஓரத்தில் இருந்ததை அந்தப் புகையிலையைப் பார்த்தபிறகுதான் உணர்ந்தேன். கூச்சமாக இருந்தது. மறந்தவர்கள் கூட்டத்தில் நான்தான் நின்றேன், அவர்களுடைய ஆட்கள் இல்லை. இத்தனை காலமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பெயர்களை வாய்விட்டு வாசித்தேன். ஆங்கிலப் பெயர்களெல்லாம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் செய்தவை, எனக்கு முன்னோடிகள். கா பபாமாசக்வேவ் என்பவரை 'அலையும் ஆவி' என்றார்கள். வானத்தைச் சுற்றியவன். கெட்ட அம்பு. பரிதாப மனிதன். இரும்பு உடல். குட்டிக் கரடி. கோணல் கால், அவருடைய சொந்தப் பெயர் இட்கா. இரத்தமில்லாதவன். ஒரு மனிதனை அவன் தாய் இப்படியா கூப்பிட்டிருப்பாள், பரிதாப மனிதா என்று? தூரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், நார்த் பேட்டில்ஃபோர்டு திசையில் ஒரு சரக்கு ரயில் நீளமாக ஊதியது. ஃபிராக் லேக்கின் மணி ஞாபகம் வந்தது. தப்பான ஊரில் இறங்கி, தப்பான ஜனத்தின் கண்ணீரை வாங்கிக்கொண்ட மணி. அந்த ஒன்பது பேருக்காகவும் இந்த எட்டுப் பேரில் ஆறு பேருக்காகவும் அது ஒரே நாக்கால்தானே அடித்திருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில்.

வீட்டுக்கு வந்து மாமாவைக் கூப்பிட்டேன். அங்கே விடிகாலை, பால்காரர் மணியடிக்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், இந்தமுறை சுருக்காமல். அவர் நடுவில் "ம்" கூடக் கொட்டவில்லை, லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கேட்டேன்.

"எட்டுப் பேரா? அன்னிக்குச் சில பேர்னுல்ல சொன்ன?"

"ஆமா மாமா. தப்பாச் சொல்லிட்டேன்."

"பேர் இருக்கா?"

வாசித்தேன். இட்காவில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பால்காரருக்கு யாரோ கதவு திறந்தார்கள்.

"அங்க நின்னா ரயில் சத்தம் கேக்குதா?"

"கேட்டுச்சு. சரக்கு வண்டி. ரொம்ப நீளம், நூறு பெட்டிக்கு மேல இருக்கும்."

"எண்ணலியா?"

"மரம் மறைச்சிருச்சு மாமா."

"சரி, அடுத்த தடவை நான் வாரேன்" என்றார். "ரெண்டு பேருமா எண்ணுவோம்."